கடைசிக் குடையின் நிழல்

குடை நடுவதுதான் கஷ்டமான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை ஐயா. நட்ட குடையை நகர்த்துவதுதான் கஷ்டம். வெயில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காலையில் ஆளின் மேல் போட்ட நிழல் மத்தியானத்துக்குள் அவரை விட்டு நழுவி, பக்கத்து மணலில் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். படுத்திருப்பவர் நன்றாகத் தூங்கிப்போயிருப்பார். முகம் வெந்து எழுந்தால் பழி எங்கள் மேல்தான்.

அதனால்தான் உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் வாசித்துக் காட்டியபோது அந்த ஒரு வரியில் நிறுத்தச் சொன்னேன். ‘இருவரும் பகல் முழுவதும் வெயிலில் கிடந்தனர்’ என்று எழுதியிருந்தார். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இது மட்டும் தப்பு. அவர்கள் மேல் வெயிலே படவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருத்தி என் கூடப்பிறந்தவள். அவளை நான் வெயிலில் போடுவேனா?

நேற்று கடற்கரையில் நின்றுகொண்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். “காலையில கரைப் பக்கம் நட்ட குடை, சாயங்காலம் எப்படிக் கடல் பக்கம் வந்துச்சு?” நல்ல கேள்வி. எங்கள் கரை மேற்கு பார்த்தது. காலை வெயில் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து வரும், மாலை வெயில் கடலிலிருந்து வரும். குடையும் அதற்கேற்பக் கரையிலிருந்து கடலை நோக்கிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். எங்கள் விடுதி மேனேஜர் என்னைப் பார்த்தார். நான், “காத்து தள்ளியிருக்கும் சார்” என்றேன்.

அந்தப் பதில்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் நட்ட குடையை எந்தக் காற்றும் அசைத்ததில்லை. புயல் வந்த வருஷம்கூடத் துணி கிழிந்ததே தவிரக் கம்பு நின்ற இடத்திலேயே நின்றது. என் வாயாலேயே என் வேலையைக் கேவலப்படுத்திக்கொண்டேன். யாரோ படகில் வந்து இரண்டு பேரையும் கொன்றுவிட்டுப் போயிருக்கலாம் என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டீர்கள். பேசட்டும் என்றுதான் இருந்தேன். காற்று என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் நானே வந்திருக்கிறேன்.

எங்கள் விடுதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்ததிலிருந்து அங்கே ஒரே கூச்சல். அது எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தத் தீவுக்கு வருகிறவர்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக வருகிறார்கள். அவர்கள் ஒன்றும் செய்யாமல் இருக்க நாங்கள் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். அதுவும் கண்ணில் படாமல். ஓடக்கூடாது. கூப்பிடக்கூடாது. விசில் அடிக்கக்கூடாது. எது நடந்தாலும் கடற்கரையில் சத்தம் போடக்கூடாது. தட்டு விழுந்து உடைந்தால்கூட, விழுந்த தட்டைப் பார்க்காமல் விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

“நீங்கள்லாம் நிழல் மாதிரி இருக்கணும்” என்பார் மேனேஜர், காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து. “நிழல் பேசுமா? நிழலுக்கு இருமல் வருமா?”

“நிழலுக்குப் பசிக்கும் சார்” என்று சமையல்காரர் முணுமுணுப்பார். “அதுக்கு மட்டும் எப்பன்னு சொல்லிடுங்க.”

என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கும். அப்படிச் சிரிக்க நான்தான் பழக்கினேன்.

ஒவ்வொரு சாய்வு நாற்காலியின் பக்கத்திலும் ஒரு சின்னக் கம்பும், அதில் நீலத் துணிக் கொடியும் இருக்கும். விருந்தாளிக்கு ஏதாவது வேண்டுமென்றால் கொடியைத் தூக்கி வைப்பார். ஓடாமல், ஆனால் உடனே போக வேண்டும். கொடி மடங்கியிருந்தால் யாரும் கிட்டே போகக்கூடாது. தீப்பிடித்தால்கூட முதலில் மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று சமையல்காரர் கேலி செய்வார். இதற்கு ஒரே விதிவிலக்கு குடைக்காரி. கொடி மடங்கியிருந்தாலும் நான் போகலாம். பின்பக்கமாக வந்து, சின்னக் கடப்பாரையால் மணலில் புதுக் குழி போட்டு, குடையைப் பிடுங்கி நட்டு, பழைய குழியைக் காலால் மூடிவிட்டு, படுத்திருப்பவர் கண் திறப்பதற்குள் போய்விட வேண்டும். என்னை ஒருவரும் பார்த்ததே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

என் தங்கையைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. கட்டிலை விரித்துவிட்டு, துவைத்த துண்டுகளை மடித்து முறுக்கி, பறவை, ஆமை, யானை என்று ஏதாவது செய்து தலையணைமேல் வைத்துவிட்டு வருவாள். யானைக்குத் தும்பிக்கை நிற்பது லேசு இல்லை. அவள் செய்தால் நிற்கும்.

அம்மா போனபோது அவளுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அப்பா வேலை தேடி ஒரு படகில் போனார். படகு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தாய்க்குத் தாயாக, தகப்பனுக்குத் தகப்பனாக நான்தான். தீவில் வேலை இருக்கிறது என்று தெரிந்து அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். தீவு எனக்குப் பிடித்துப்போனது. நான்கு பக்கமும் தண்ணீர். யாரும் சொல்லாமல் போய்விட முடியாது.

சலவைக் கூடத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயவைக்கிற இயந்திரம் ஓடும். எங்கள் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். ஒரே கட்டில். அவள் சுவர்ப் பக்கம், நான் கதவுப் பக்கம். அவளுக்கு இருபது வயது தாண்டியும் தலை நான்தான் பின்னிவிடுவேன்.

“அக்கா, இறுக்காதே. கண்ணு இழுக்குது.”

“தளர்வா பின்னினா அவிழ்ந்துடும்டி.”

“அவிழட்டுமே. அவிழ்ந்தா என்ன, கப்பலா கவிழ்ந்துடும்?”

அப்படித்தான் பேசுவாள். மனதில் ஒன்றும் இருக்காது. ஒருநாள் அவள் சொன்னதை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அவள் ஆசைப்படிதான் நடந்தது. விருந்தாளிகளின் நாற்காலியில் வேலைக்காரர்கள் உட்காரக்கூடாது. துண்டு மடிக்கும்போது அதன் கைப்பிடியில் சாய்ந்ததற்கே அவளுக்குத் திட்டு விழுந்தது. அன்றைக்கு அறைக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, “அக்கா, ஒரே ஒரு நாள் அந்த நாற்காலில படுக்கணும்க்கா. கொடியை மடக்கி வச்சிட்டு. யாரும் வரக்கூடாது. நீ மட்டும் வந்து குடையை நகர்த்து, போதும்” என்றாள்.

“ஆசையைப் பாரு” என்றேன். ஆனால் மனதில் வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கரையோரம் நாய்கள் சேர்ந்துவிட்டன, விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று மேனேஜர் சொன்னபோது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சமையல்காரர் விஷம் வைக்கலாம் என்றார். விஷம் வைத்தால் ஊளையிடும். என்னிடம் கடப்பாரை இருந்தது. ஒரு கையில் மீன் தலை, ஒரு கையில் கடப்பாரை. காதுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. அங்கே சரியாக இறங்கினால் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். கடைசியாக வந்தது ஒரு காது கிழிந்த பெட்டை. சின்னவள் தன் சோற்றில் பாதியை அதற்குத்தான் போடுவாள். அதற்கு என்னைத் தெரியும் என்பதால் தானாகவே வந்து காலடியில் படுத்தது. படகில் ஏறிப் போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். ரொம்ப நாள் அழுதாள். பிறகு அந்தப் பாதிச் சோற்றை எனக்குப் போட ஆரம்பித்தாள்.

படகோட்டியைப் பற்றியும் நீங்கள் கேட்கப்போகிறீர்கள். நல்ல பையன்தான். விருந்தாளிகளை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விடுவான். சின்னவளைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று என்னிடம் முறையாக வந்து கேட்டான். கையில் ஒரு பழப்பை.

“நீங்க பெரியவங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அவ சரின்னு சொல்லுவாளாம்.”

“கல்யாணம் ஆனா எங்க இருப்பீங்க?”

“அக்கரையிலதான். எங்கம்மா வீடு இருக்கு. நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம்க்கா.”

வந்து பார்க்கலாம் என்றான். என் வீட்டுப் பிள்ளையை நான் வந்து பார்க்கலாமாம்.

ஒருநாள் அவன் படகின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டது. மூச்சுப் பிடித்துக்கொண்டு அடியில் போய் அறுத்துக்கொண்டிருந்தான். நான் படகில் உட்கார்ந்து, மேலே கிடந்த கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தேன். அது விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். விபத்துதான். சாவி அதன் இடத்திலேயே இருந்தது, கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது, நான் சாவியைத் திருப்பினேன். இயந்திரம் ஒரு தடவை தடுமாறிவிட்டுப் பிறகு சீராக ஓடியது. படகைச் சுற்றித் தண்ணீர் நிறம் மாறியது. மீன்கள் வந்தன. நான் அணைத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன், அதுவும் மெதுவாக. கரையில் விருந்தாளிகள் இருந்தார்கள்.

சின்னவள் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் துண்டில் பறவை செய்யவில்லை. வெறுமனே மடித்து வைத்தாள். நான் அவள் தலையைப் பின்னிக்கொண்டே, “நான் இருக்கேன்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அவள் என் மடியை விட்டு நகரவே இல்லை.

பிறகுதான் தலையணைக்காரர் வந்தார்.

விருந்தாளிகளுக்கு நாங்கள் பெயர் வைத்துவிடுவோம். இவர் வந்த அன்றே தலையணைகளாகக் கேட்டார். முழங்காலுக்கு அடியில் ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கட்டிப் பிடித்துக்கொள்ள ஒன்று. “ஆளுக்குத் தலை ஒண்ணுதானே, நல்லாப் பாத்தியா?” என்று சமையல்காரர் சின்னவளைக் கேட்டார். வயதானவர். நெஞ்சுவலி வந்து, கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். பாறைகளுக்கு அந்தப் பக்கம், கரையின் கோடியில் தனியாக இருக்கிற கடைசிக் குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்று அவருக்கு, ஒன்று அவர் தலையணைகளுக்கு.

அவர் சின்னவளிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று நேற்று நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் தலையை ஆட்டினீர்கள். இங்கே வருகிற ஆண்களைப் பற்றி அப்படிச் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அதை அடித்துவிடுங்கள். அவர் அவளைத் தொட்டதுகூட இல்லை. பேத்தியைக் கூப்பிடுவதுபோல ‘கண்ணு’ என்று கூப்பிடுவார்.

அவள் செய்த யானைதான் காரணம். அவர் மனைவி அக்கரை நகரத்தில் துணிப் பொம்மைகள் தைக்கிற கடை வைத்திருக்கிறார். அந்த யானையை இவர் கலைக்க மனமில்லாமல் மேஜைமேல் வைத்து, படம் எடுத்து மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா தொலைபேசியில் சின்னவளிடமே பேசியிருக்கிறார். இவ்வளவும் என் முதுகுக்குப் பின்னால். ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், நீ பின்றதை நிறுத்தக்கூடாது.”

“சொல்லு.”

“அந்தத் தலையணை ஐயா ஊருக்குப் போகும்போது நானும் போறேன். கடையில வேலை. தங்க இடமும் குடுக்கறாங்க.”

நான் நிறுத்தவில்லை. கடைசிவரை பின்னி முடித்து ரிப்பனைக் கட்டினேன்.

“எப்பப் படகு?”

“நாளன்னிக்குக் காலைல. அக்கா, ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்.”

“எதுக்குத் திட்டணும்? நல்லா இரு.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் அவளுடைய பை தெரிந்தது. அதற்குள்ளேயே துணிகளை அடுக்கியிருந்தாள், பறவைபோல அழகாக மடித்து.

மறுநாள் வழக்கம்போல எழுந்தேன். மணலைச் சீவினேன், குடைகளை நட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்: நான் பதற்றத்தில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரை முழுவதும் தூங்கும். அலையைத் தவிர ஒன்றும் கேட்காது. எல்லாக் கொடிகளும் மடங்கியிருக்கும். கடைசிக் குடையின் கொடியும் மடங்கித்தான் இருந்தது.

தலையணைக்காரர் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நிழல் அவர் நெற்றியை விட்டு இறங்கிவிட்டிருந்தது. நான் சொல்வதை நம்புங்கள், முதலில் குடையைத்தான் நகர்த்தினேன். குழி போட்டு, நட்டு, சாய்வைச் சரிசெய்து, அவர் முகத்தில் நிழல் விழுந்த பிறகுதான் கடப்பாரையை மறுபடி கையில் எடுத்தேன்.

மணலில் குழி போட வேண்டிய பலத்தைவிடக் குறைவான பலம்தான் வேண்டியிருந்தது. தொண்டைக் குழியில் இறக்கினேன். நாய்களைப்போல அவ்வளவு சுத்தமாக முடியவில்லை. மனிதக் கழுத்து எனக்குப் பழக்கமில்லை. கண் திறந்தார். என்னைப் பார்த்தார். அங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு விருந்தாளி என்னை நேராகப் பார்த்தார். கத்த முயன்றபோது சத்தத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. அவர் கை பக்கத்தில் தடவித் தடவிக் கொடிக் கம்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தது. பாதி தூக்கிவிட்டார். கொடி எழுந்தால் உடனே ஆள் போக வேண்டும். நான் ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கொடியை மடக்கி வைத்தேன். மறுபடி ஒரு தடவை, காதுக்குப் பின்னால். எலும்பு உடைந்தது கைக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

நீலத் துண்டில் ரத்தம் தெரியாது. அதற்காகத்தான் கரைக்கு நீலத் துண்டு கொடுக்கிறார்கள் என்றில்லை, பழச்சாறு சிந்தினால் தெரியக்கூடாது என்பதற்காக. கழுத்துவரை போர்த்திவிட்டேன். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். செருப்புகளை மணல் தட்டி, எழுந்து போட்டுக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்தேன். இதையெல்லாம் நினைத்துச் செய்யவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். என் கையும் அப்படித்தான்.

சின்னவள் வந்தாள். தற்செயலாக வந்தாள் என்று சொல்லலாம் என்றிருந்தேன். பொய் எதற்கு? கடைசிக் குடைக்கு மாற்றுத் துண்டு வேண்டுமாம் என்று சலவைக் கூடத்தில் நான்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பாறையைச் சுற்றி வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை. ஐயா, நீங்கள் எல்லோரிடமும் கேட்டீர்களே, ஏன் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று. அவள் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தாள், உடனே தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். கரையில் சத்தம் போடக்கூடாது. இத்தனை வருஷப் பழக்கம். ஓடவும் இல்லை. எங்களுக்கு ஓட வராது. பின்னோக்கியே அடி அடியாக நடந்தாள், பாறை முதுகில் இடித்தது.

“அக்கா” என்றாள், ரகசியம் சொல்வதுபோல. “அக்கா, என்னக்கா இது.”

“ஒண்ணுமில்லடி. வா.”

“நான் போகலைக்கா. எங்கயும் போகலை. சத்தியமா. உன்கூடவே இருக்கேன். அந்தக் கடப்பாரையைக் கீழ போடுக்கா.”

போட்டேன். அவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

போகமாட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அது பயத்தில் சொன்னது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனதிலிருந்துதான் சொன்னாள். ஆனால் அவள் சின்னப் பிள்ளை. இன்றைக்கு ஒன்று சொல்வாள், நாளைக்குப் படகைப் பார்த்தால் மனம் மாறிவிடும். அந்த மனதோடு, அந்தச் சொல்லோடு அவளை அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் கையிலிருந்த துண்டை வாங்கினேன். கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவளும் என்னைக் கட்டிப் பிடித்தாள். துண்டை அவள் கழுத்தைச் சுற்றி, ஜடையை இறுக்குவதுபோலத்தான் இறுக்கினேன். ஒரு கை மேல், ஒரு கை கீழ். அவளுக்குக் கண் இழுக்கும் என்று தெரியும். குதிகால்கள் மணலில் இரண்டு பள்ளம் தோண்டின. என் முழங்கையில் நகம் பதிந்த இடம் இதோ, பாருங்கள். பூனை பிறாண்டியது என்று மேனேஜரிடம் சொன்னேன். தீவில் பூனை கிடையாது, அவர் கவனிக்கவில்லை.

பிறகு நிறைய வேலை இருந்தது. தலையணைகளை எடுத்துவிட்டு அவளை இரண்டாவது நாற்காலியில் படுக்க வைத்தேன். காலில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன். தலை கலைந்திருந்தது. அவிழ்த்து, விரலால் கோதி, மறுபடி பின்னினேன். அன்றைக்கு அவள் இறுக்காதே என்று சொல்லவில்லை. கடப்பாரையைக் கடலில் கழுவி ஈரம் துடைத்தேன். மணலைச் சீவினேன். நிழல் இரண்டு பேருக்கும் சேர்ந்து விழ வேண்டும், அதற்காகக் குடையைக் கொஞ்சம் நடுவில் நட்டேன்.

மற்றக் குடைகளையும் பார்க்க வேண்டியிருந்ததால் அங்கேயே உட்கார முடியவில்லை. ஒரு சுற்று போய்விட்டுத் திரும்ப வருவேன், வெயில் அவள் பாதத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், நகர்த்துவேன். மறுபடி ஒரு சுற்று. குடை கடல் பக்கம் வந்து சேரும்வரை அப்படித்தான். பொழுது சாயும்வரை ஒரு தடவைகூட அவள் மேல் வெயில் விழவில்லை. அதைத்தான் உங்கள் எழுத்தர் திருத்த வேண்டும்.

அவர்களை முதலில் பார்த்தவர் மேனேஜர். தலையணைக்காரர் சாப்பிட வராததால் தேடிக்கொண்டு போனார். கொடி மடங்கியிருந்ததால் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். பிறகு செத்த மனிதரிடம், “சார், சாப்பாடு அறைக்கு அனுப்பட்டுமா?” என்று குனிந்து கேட்டார். அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் சின்னவள் படுத்திருப்பதைப் பார்த்தார். “ஏய், என்ன தைரியம் உனக்கு. எந்திரி. எந்திரின்னு சொல்றேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் திட்டினார். நான் பாறைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நாற்காலியில் அவளை ஒருவராலும் எழுப்ப முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் அந்தக் கடைக்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தலையணைக்காரருடைய கடைசி நாளுக்கு முந்தின நாள், நான் குடையை நகர்த்த வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டே அவர் பேசினார். நான் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“நீங்கதானேம்மா சின்னவளோட அக்கா? நீங்களும் கூட வந்துடுங்களேன். அக்காவை விட்டுட்டு வரமாட்டேன்னு அவ ஒத்தைக் கால்ல நிக்கறா. ரெண்டு பேருக்கும் சேர்த்தே ரூம் பாத்தாச்சு.”

நான் குடையை நட்டுவிட்டுப் போய்விட்டேன். நிழல் பேசக்கூடாது. சின்னவளும் அன்றைக்குத் தலை பின்னும்போது அதைத்தான் சொல்ல வந்தாள். “நீயும் வாக்கா, நம்ம ரெண்டு பேரும் போலாம்” என்றாள். கேட்டதை நான் மறைக்கவில்லை, முதலில் சொல்ல விட்டுப்போயிற்று. போயிருக்கலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது நகரம். கடையில் பெண்கள் இருப்பார்கள், அந்த அம்மா இருப்பார், தெரு முழுக்க ஆட்கள். யார் வேண்டுமானாலும் அவள் தலையைப் பின்னிவிடுவார்கள். அவளுக்கு அங்கே நிழல் கொடுக்க நான் எதற்கு?

நான் செய்தது எல்லாம் அவளுக்காகத்தான். அவள் ஆசைப்பட்ட நாற்காலி, ஆசைப்பட்ட தூக்கம், மடங்கின கொடி, நான் மட்டும் வந்து நகர்த்துகிற குடை. ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

எனக்கு உங்களிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்க வேண்டும். நான் இங்கே வந்த பிறகு அவளைச் சலவைக் கூடத்துக்குப் பின்னால், மரமே இல்லாத மேட்டில் புதைத்திருக்கிறார்களாம். அங்கே காலையிலிருந்தே வெயில் அடிக்கும். நான் கொண்டுவந்து கொடுத்த கடப்பாரையை நீங்கள் முத்திரை போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்கள் ஐயா. அவள் தலைமாட்டில் ஒரு குழி போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.